எடை, ரத்த அழுத்தம், இதயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது 52, உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. பத்து வருடமாக பி.பி. உண்டு. எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) இடது கீழறைச் சுவர் 13 மி.மீ., இ.எஃப். 62 சதவீதம் என்று வந்தது. 'பம்ப் நன்றாக இருக்கிறது' என்றார்கள். பிறகு ஏன் இரண்டு மாடி ஏறுவதற்குள் இப்படி மூச்சு வாங்குகிறது?

பதில்: கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்குத்தான் இ.எஃப். அறை எவ்வளவு சுலபமாக நிரம்புகிறது என்பதை அது சொல்லாது. உங்கள் சிக்கல் நிரம்புவதில் இருக்கக்கூடும்.

ஆண்களுக்கு இடது கீழறைச் சுவர் 6 முதல் 10 மி.மீ. வரை இருக்கும், பெண்களுக்கு 9 வரை. குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும்போது, அதை எதிர்த்துத் தள்ளும் தசை தடிக்கிறது, மூட்டை தூக்குபவரின் புஜம்போல. ஆனால் புஜம் மூட்டையை இறக்கியதும் தளர்ந்துவிடும். இதயத்துக்கு இறக்கிவைக்கும் நேரமே இல்லை. நாளடைவில் தசைக்குள் நார்த்திசு படிந்து சுவர் விறைத்துப்போகிறது. எடை இதற்கு மேல் இன்னொரு சுமை. கொழுப்புக்கும் ரத்தம் வேண்டும் என்பதால், உடல் பெருக்க ஓடும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. தள்ள வேண்டியதும் அதிகம், எதிர்ப்பும் அதிகம்.

விறைத்த அறை லேசில் விரியாது. உள்ளே போக முடியாத ரத்தம் இடது மேலறையில் தேங்கி, அங்கிருந்து நுரையீரல் வரை அழுத்தம் பின்னேறும். மாடி ஏறும்போது துடிப்பு வேகமாகி நிரம்பும் நேரம் சுருங்குவதால், உட்கார்ந்திருக்கையில் தெரியாத மூச்சிரைப்பு படியில் தெரிகிறது. அறிக்கையில் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் (அறை தளர்ந்து நிரம்புவதில் உள்ள குறை) என்ற வரியையும் இடது மேலறையின் அளவையும் பாருங்கள். கிரேடு 1 மட்டும் என்றால் பதற வேண்டாம். அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கும் அது இருக்கும். மேலறை பெருத்திருந்தால் கவனம் தேவை: தாறுமாறான துடிப்பும், அதனால் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதமும் வருவது அந்த வழியில்தான்.

தடிப்பு பெரும்பாலும் குறையக்கூடியது. ஆனால் வாரக்கணக்கில் அல்ல, பி.பி. கட்டுக்குள் நின்று பல மாதங்கள் ஆக வேண்டும். எல்லா மாத்திரைகளும் இதில் ஒன்றல்ல. இதயத் தடிப்பு உள்ள 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2002-ல் வெளியான லைஃப் ஆய்வில், அட்டெனோலால் என்ற பி.பி. மாத்திரையைவிட லோசார்ட்டான் என்ற இன்னொரு வகை மாத்திரை தடிப்பையும் பக்கவாதத்தையும் அதிகமாகக் குறைத்தது. நீங்கள் வெறும் அட்டெனோலாலில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள். இன்னொன்று: மூச்சிரைப்புக்கு ரத்தசோகை, தைராய்டு, இதயக் குழாய் அடைப்பு ஆகியவையும் காரணமாகலாம். நெஞ்சு வலி இல்லையென்பதால் அடைப்பு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: ஈ.சி.ஜி. நார்மல். எக்கோவும் அவசியமா?

பதில்: சுவர் தடிப்பைக் கண்டுபிடிப்பதில் ஈ.சி.ஜி. சுமார்தான். மார்புச் சுவரில் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் மோசம்; மின்னலைகள் தோலை எட்டுவதற்குள் மங்கிவிடுவதால், தடித்த இதயம்கூட காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். பருமன், பல வருட பி.பி. இரண்டும் இருந்து, மூச்சிரைப்போ கால் வீக்கமோ படபடப்போ சேர்ந்தால் எக்கோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு மெஷினில் 152/94, மருத்துவமனையில் 136/84. எதை நம்புவது? எனக்குக் கொஞ்சம் பருத்த கை.

பதில்: கடைசி வரிதான் விடை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை தையல்காரர் டேப்பால் அளங்கள். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது, அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் கை 36 என்றால் அந்தப் பட்டை சிறிது. சிறிய பட்டை ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும், அந்த அதிகத்தையும் உங்கள் பி.பி. என்று மெஷின் காட்டிவிடும். 5 முதல் 20 வரை கூடுதலாக வரலாம். 'லார்ஜ்' பட்டை தனியாகக் கிடைக்கும், அதே கம்பெனி மாடலுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டை சரியானபின் முறை: காபி, சிகரெட், நடை எதுவானாலும் முடிந்து அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை சட்டைக்கு மேல் அல்ல, வெறும் கையில். கை மேசைமீது நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. காலையில் மாத்திரைக்கு முன்பு ஒருமுறை, இரவு ஒருமுறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தமே. மருத்துவமனைக் கணக்கான 140/90-ஐ இங்கே போடக் கூடாது.

கேள்வி: பி.பி.க்கு அம்லோடிபின் 10 மி.கி. தொடங்கியபின் இரண்டு காலும் வீங்குகின்றன. இதயம் பழுதாகிவிட்டதா?

பதில்: மாத்திரையின் வேலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம், அதிலும் 10 மி.கி.யில். அது நுண்ணிய தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் கணுக்காலில் நீர் கசிகிறது. மாலையில் கூடும், காலையில் வடியும். உடம்பில் மொத்த நீர் கூடாததால் நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது. வீக்கத்துக்கு மாத்திரை, அந்த மாத்திரைக்குப் பொட்டாசியம் என்று சீட்டு நீள்வதுதான் மிச்சம். அளவை 5 மி.கி. ஆக்கி டெல்மிசார்ட்டான் போன்ற வேறு வகை பி.பி. மாத்திரை ஒன்றைச் சேர்த்தால் வீக்கமும் குறையும், பி.பி.யும் கட்டுப்படும். இதை மருத்துவர் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதயம் தளர்ந்து வரும் வீக்கம் வேறு மாதிரி. மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், தலையணை இரண்டு மூன்றாகும், நடுராத்திரி திணறி எழுந்து உட்கார வைக்கும். அப்படியானால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் என்றால் ரத்தக்கட்டியா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

கேள்வி: ஆறு மாதமாக இந்துப்புதான். பி.பி. இறங்கவே இல்லையே?

பதில்: இறங்காது. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் வீட்டில் 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர் இவை தனிக் கணக்கு என்பதால், உண்மையில் இரண்டு மாதத்துக்கு மேல் வந்தால்தான் சரி. பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள், நாக்கு பொய் சொன்னாலும் தேதி சொல்லாது. தண்ணீரில் பொங்கிக் கரையும் பாரசிட்டமால் மாத்திரையிலும் கணிசமான சோடியம் உண்டு. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உப்பை உடம்பில் தேக்கி பி.பி.யை ஏற்றும், முழங்கால் வலிக்காகத் தினம் போடுபவர்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சோடியம் குறைத்த 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகளை எடுப்பவர்களும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: நடந்து மூன்று மாதத்தில் 4 கிலோ குறைத்தேன். பி.பி. பெரிதாக அசையவில்லை.

பதில்: ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பதே பொதுக் கணக்கு. நான்கு கிலோவுக்கு நான்கு புள்ளி. நாளுக்கு நாள் பி.பி. ஆடும் ஆட்டத்தில் அது கண்ணில் படாது, ஏழு நாள் சராசரியில்தான் படும். தராசோடு டேப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. நம்மவர்களுக்கான எல்லை. தொப்பைக்குள் இருக்கும் கொழுப்புதான் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்வதில் முன்னணி. நடையில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம். எடை இறங்க இறங்க, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நின்றபடி பி.பி. பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி விழுந்தால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டிய நேரம்.

கேள்வி: மூன்று மாத்திரை போட்டும் கணவருக்கு 160. குறட்டை வீட்டையே தூக்குகிறது. தொடர்பு உண்டா?

பதில்: நிறைய. குறட்டை நடுவே சட்டென்று நின்று, சில நொடி மௌனம், பிறகு திணறலோடு மூச்சு என்று இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத்தடை. ஒவ்வொரு தடையிலும் ஆக்சிஜன் இறங்கி, அட்ரினலின் பாய்ந்து, பி.பி. எகிறும்; இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமலே விடியும். கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ.க்கு மேல், காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். திணறுவதை ஒரு நிமிடம் செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்கள், பாதிக் கதையை அது சொல்லிவிடும். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால் சிபாப் கருவி (முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைப்பது), கூடவே எடைக் குறைப்பு.

கேள்வி: திடீரென்று 190/110 காட்டினால் என்ன செய்வது?

பதில்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். விட்டுப்போன மாத்திரை இருந்தால் வழக்கமான அளவை மட்டும் போட்டு, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பி.பி. மருந்தை உடைத்துவிடும் பழைய வழக்கம் வேண்டாம்: அழுத்தம் திடுமென்று சரிந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய்விடும்.