சிலை வணக்கத்தை ஏன் துரோகம் என்றார்கள்?

கேள்வி: எபிரேயத் தீர்க்கதரிசிகள் சிலை வழிபாட்டைச் சட்டமீறல் என்று மட்டும் சொல்லாமல், கணவனை விட்டுப்போன மனைவியின் துரோகமாகச் சித்திரிப்பது ஏன்?

பதில்: சீனாய் மலையில் கடவுள் இஸ்ரவேல் ஜனங்களோடு செய்த உடன்படிக்கையை அவர்கள் ஒரு கல்யாணமாகவே பார்த்தார்கள். சட்டத்தை மீறினால் தண்டனையோடு முடிந்துவிடும். துரோகம் செய்தால் ஒரு மனசு உடைகிறது. கடவுளுக்கு வலிக்கும் என்று துணிந்து சொன்னதுதான் ஓசியா தீர்க்கதரிசியின் பெருமை.

அவர் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், வட இஸ்ரவேலில் பேசியவர். மழையும் விளைச்சலும் பாகால் என்ற கானானியத் தெய்வம் தருவது என்று ஜனங்கள் நம்பிய காலம். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தது நான்தான் என்று அவளுக்கு, மனைவியாகிய இஸ்ரவேலுக்கு, தெரியவில்லையே என்கிறார் ஓசியாவின் கடவுள். அவர் கொடுத்த வெள்ளியும் பொன்னும் பாகாலுக்குப் போயின. தம் நூலின் 3-ஆம் அதிகாரத்தில் ஓசியா 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து, சோரம்போன ஒரு பெண்ணை மீட்கிறார். அவள் அவர் மனைவி கோமேர்தான் என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே.

எரேமியா தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார். விவாகரத்துக்குப் பின் வேறொருவனை மணந்தவளை முதல் கணவன் திரும்பச் சேர்க்கக் கூடாது என்பது பைபிளின் உபாகமம் நூலில் 24-ஆம் அதிகாரத்தின் சட்டம். அதை நினைவூட்டிவிட்டு, 'ஆனாலும் திரும்பி வா' என்று கடவுள் அழைப்பதாகச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் 16, 23 அதிகாரங்கள் வேறு ரகம். அசீரியா, எகிப்து போன்ற வல்லரசுகளோடு வைத்த உறவையும் அவர் விபசாரம் என்கிறார். அங்கே ஜனங்களின் உருவகமாக வரும் பெண்ணுக்கு வரும் தண்டனையின் கொடூரத்தை என்னால் அமைதியாக வாசிக்க முடிவதில்லை.