நடுவானில் வைத்துப் பழுது தெரிந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

திருவனந்தபுரம் வழியாக வளைகுடா போய்வரும் குமரி மாவட்டக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளில், விமானப் பழுது பற்றியவை மட்டும் இந்த இதழில்.

கேள்வி: 2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டிலிருந்து சவுதியின் தமாமுக்குக் கிளம்பும்போது ஓடுபாதையில் வால் உரசிய விமானத்தைத் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். அடிபட்டது தெரிந்த பிறகும் அவ்வளவு நேரம் ஏன் சுற்ற வேண்டும்? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஆகாயத்தில் எதையும் ரிப்பேர் செய்ய முடியாது. எனவே உடைந்தது எது என்று ஆராய்வதைவிட, இறங்கும்வரை எதெல்லாம் வேலை செய்யும் என்று கணக்குப் பார்ப்பதுதான் விமானிக்கு முக்கியம். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் செக்லிஸ்ட்டை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்வார். இரண்டு பேருமே பழுதுக்குள் தலையை விட்டால் ஓட்ட ஆளில்லாமல் போகும்.

பிப்ரவரி 24 அன்று வந்தது போயிங் 737 ரகம். வால் உரசினால் அந்த ரகத்துக்கான செக்லிஸ்ட் சொல்வது, கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றாதே என்பதைத்தான். காற்று வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்து வைத்து, சுமார் 10,000 அடிக்கு மேல் ஏறாமல், பக்கத்து விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். வால் பக்கம் உள்ள அழுத்தத் தடுப்புச் சுவரில் விரிசல் விழுந்திருந்தால், அழுத்தம் ஏற ஏற அது பிளந்துவிடும். 1978இல் வால் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்றில் அந்தச் சுவரைச் சரியாகச் செப்பனிடவில்லை. 1985 ஆகஸ்ட் 12 அன்று அது நடுவானில் பிளந்து 520 பேர் இறந்தார்கள்.

அடுத்தது எடை. 737-800 சுமார் 79 டன் வரை எடையோடு மேலே எழும்பலாம். இறங்கும்போது சுமார் 66 டன்தான் வரம்பு. வளைகுடாவுக்கு எண்ணெய் நிரப்பிக் கிளம்பிய விமானம் உடனே திரும்பினால் எடை வரம்பைத் தாண்டி நிற்கும். மணிக்கு இரண்டரை டன் அளவில்தான் எரியும். சக்கரங்களை இறக்கித் தாழப் பறந்தால் இன்னும் சீக்கிரம் எரியும். தீயோ புகையோ என்றால் எடை பார்க்காமல் இறக்கிவிடுவார்கள். முழு எடையிலும் நிமிடத்துக்கு 360 அடி வேகத்தில் தரையைத் தொட்டால் தாங்கும்படிதான் சக்கரக் கால்களைச் செய்கிறார்கள். இறங்கும் எடையில் 600 அடி வரை தாங்கும்.

அன்றைக்கு இருந்தது ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு, பழுதோ என்ற சந்தேகம். அது போனால் பிரேக்கும், இறங்கும்போது றெக்கையின் பின்பக்கம் நீளும் ஃபிளாப்பும் பாதிக்கப்படலாம். எடை குறைந்தால் இறங்கும் வேகம் குறையும், நிற்க வேண்டிய தூரமும் குறையும். மேட்டில் அமைந்த கோழிக்கோடு ஓடுபாதையைவிட, 3,400 மீட்டர் அளவுக்கு நீளும் திருவனந்தபுரம் இதற்கு நல்ல இடம்.

737இன் முக்கிய ஹைட்ராலிக் அமைப்புகளில் ‘ஏ’ என்பது போனால் சக்கரத்தைக் கையால் இறக்கலாம். துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும். திறந்தால் மூன்று கைப்பிடிகள். ஒவ்வொன்றையும் இரண்டடி தூரம், கடைசிவரை இழுக்க வேண்டும். பாதியில் விட்டால் பூட்டு விடுபடாது. பூட்டு விட்டதும் சக்கரம் தன் எடையிலேயே விழுந்து நிற்கும்; மூன்று பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள்.

கேள்வி: எடை குறைக்க அந்த விமானம் எரிபொருளைக் கடலில் கொட்டியதாகச் செய்தி வந்ததே. அப்படி மிச்ச எண்ணெயைக் கடலில் கொட்டினால் மீனுக்குக் கேடில்லையா? – வாசகர், குளச்சல்

பதில்: 737, ஏ320 ரகங்களில் எண்ணெய் கொட்டும் வசதியே கிடையாது. அன்றைய விமானம் கடலில் கொட்டியதாக வந்த செய்தி தவறு. சுற்றி எரித்துத்தான் தீர்க்க முடியும். 777 போன்ற பெரிய விமானங்கள் கொட்டும்போது 6,000 அடிக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்வார்கள். அந்த உயரத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

கேள்வி: அடிபட்டால் மீட்டரிலேயே தெரியாதா? – வாசகர், தக்கலை

பதில்: எஞ்சின், ஹைட்ராலிக், மின்சாரம் போன்றவற்றைத்தான் மீட்டர் காட்டும். உடல் தகட்டில் ஓட்டை விழுந்தால் காட்ட அங்கே ஒன்றுமில்லை. 2018 அக்டோபர் 12 அன்று திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய 737, ஓடுபாதை முனையில் இருந்த ஆன்டெனாவையும் விமான நிலைய மதிலையும் இடித்துவிட்டுப் போனது. எல்லாம் சரியாக இருப்பதாகவே விமானிகள் சொன்னார்கள். பல மணி நேரம் பறந்த பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கினால், வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. இடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அடிபட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஏறவே கூடாது.

கேள்வி: முன் கண்ணாடி விரிசல் விட்டால்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அது பல அடுக்குக் கண்ணாடி. பனி படியாமலிருக்க உள்ளே மின்சூடு ஓடும்; அதில் பொறி பறந்து விரிசல் விழுவது உண்டு. முதலில் அந்தச் சூட்டை நிறுத்துவார்கள். பிறகு விமானி நகத்தாலோ பேனா முனையாலோ உள்பக்கம் தடவிப் பார்ப்பார். வழுவழுப்பாக இருந்தால் விரிசல் வெளி அடுக்கில்தான், பயணம் தொடரலாம். நகம் தட்டினால் உள் அடுக்கே விட்டிருக்கிறது. ஏ320 என்றால் 23,000 அடிக்குக் கீழே இறங்கி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டிலிருந்து 5 ஆகக் குறைப்பார்கள்.

கேள்வி: ஜன்னல் வழியாக நாம் எதையாவது பார்த்தால் சொல்லலாமா? – வாசகி, குலசேகரம்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். விமானியின் இருக்கையிலிருந்து எஞ்சின் தெரியாது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் விழுந்த 737இல் பழுதானது இடது எஞ்சின். விமானிகள் நிறுத்தியது வலது எஞ்சினை. இடது பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பார்த்தார்கள், வலது எஞ்சின் என்று அறிவிப்பு வந்ததையும் கேட்டார்கள். யாரும் எழுந்து சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள்.

றெக்கை மேலும் கீழும் வளைவதும், இறங்கும்முன் ஃபிளாப் சத்தத்தோடு நீளுவதும் இயல்பு. தீ, எஞ்சின் மூடி திறந்து படபடப்பது, றெக்கையிலிருந்து எண்ணெய் கோடாக ஒழுகுவது, தகடு பெயர்ந்து நிற்பது இவையெல்லாம் சொல்ல வேண்டியவை. வீடியோ எடுக்கும்முன் அழைப்பு பொத்தானை அழுத்துங்கள். பணிப்பெண்ணிடம் உங்கள் இருக்கை எண், முன்னோக்கி உட்கார்ந்தபடி இடதா வலதா, எப்போது தொடங்கியது, இப்போதும் இருக்கிறதா என்று சொன்னால், அவர் அதை அப்படியே இன்டர்காமில் விமானிக்குச் சொல்லிவிடுவார்.