1/72 ஸ்பிட்ஃபயர்: தட்டையாகத் தெரியும் இறக்கை

ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாதிரியில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள இடைவெளியைப் புட்டியால் அடைக்காதீர்கள். நுனிகளை மேலே தூக்கினால் அது தானாக மூடிக்கொள்ளும். இறக்கை தட்டையாகத் தெரிவதும் உடலோடு இடைவெளி விழுவதும் ஒரே கோளாறுதான். ஒரே துண்டாக வரும் கீழ் இறக்கை, பசை காயும்போது சமமாகிவிடுகிறது. ஸ்பிட்ஃபயருக்கு மேல்நோக்கிய சாய்வு 6 பாகை.

1. அட்டையில் 100 மி.மீ. அடிப்பக்கமும் 10.5 மி.மீ. உயரமும் கொண்ட செங்கோண முக்கோணம் வெட்டி, முன்னிருந்து இறக்கையோடு ஒப்பிடுங்கள்.

2. குறைந்தால் பிரித்து, கீழ்த் துண்டின் உட்புறத்தில், சாய்வு தொடங்கும் கோட்டில் கத்தியால் லேசாகக் கீறி வளையுங்கள். உள்ளே 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைக் குறுக்குச் சட்டமாக ஒட்டுங்கள்.

3. நுனியிலிருந்து நுனிவரை, உடலுக்கு மேலாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். நான் இரண்டு மணி நேரத்தில் அவிழ்த்தேன், மறுபடி முதலிலிருந்து.

ஒரு எச்சரிக்கை: இறக்கையின் தடிமன் உடலோடு சேரும் இடத்தில் அகலத்தின் 13 விழுக்காடு, நுனியில் அதைவிடக் குறைவு. அதனால் மேற்பரப்பில் அளந்தால் கோணம் குறைவாகவும், கீழ்ப்பரப்பில் அதிகமாகவும் காட்டும். தடிமனின் நடுக்கோட்டையே பாருங்கள்.