மலாவி கிராமப் பள்ளிக்கு உதவப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தன்னார்வப் பணி செய்வது, அவற்றுக்காகப் பணம் திரட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மே, ஜூனில் ஆறு வாரம் விடுமுறை. போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா? (கோவை, கல்லூரி மாணவி)

காலம் சரிதான். பள்ளி ஆண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஜூலையில் முடியும். மழையும் ஏப்ரலோடு ஓய்ந்துவிடும், பாதை நன்றாக இருக்கும்.

ஆனால் முதல் நான்கு வகுப்புகளில் பாடம் நடப்பது பெரும்பாலும் சிச்சேவா மொழியில். ஐந்திலிருந்துதான் ஆங்கிலம். ஒன்றாம் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் பேசுவது அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. 1994இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை எடுத்ததும் பிள்ளைகள் எண்ணிக்கை 19 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 30 லட்சமாகிவிட்டது. ஆசிரியரும் அறையும் அந்த வேகத்தில் வளரவில்லை.

ஆகவே தனி வகுப்பு கேட்காதீர்கள். நீங்கள் ஒரு வகுப்பை எடுத்தால் அந்த ஆசிரியரை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். நீங்கள் கிளம்பியதும் அந்த வகுப்புக்கு ஆளில்லை. ஐந்து, ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பத்துப் பதினைந்து பேரை ஆசிரியர் பிரித்துத் தருவார், தினமும் நாற்பது நிமிடம் அவர்களோடு உட்காருங்கள். எட்டாம் வகுப்புப் பக்கம் போகவேண்டாம், பொதுத்தேர்வு நெருங்கும் பருவம் அது. கிழிந்த சாக்கைப் பிரித்து எழுத்து அட்டவணை எழுதி வைத்தால், நீங்கள் போன பிறகும் சுவரில் தொங்கும்.

சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்தக் கூடாது. அழைக்கும் அமைப்பே குடிவரவுத் துறையில் அனுமதிக்கு விண்ணப்பிக்கட்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்காத அமைப்போடு போகாதீர்கள், பிள்ளைகள் பாதுகாப்பில் அவர்கள் அலட்சியம் என்று அர்த்தம்.

ஊசி, மாத்திரை?

மலேரியா அங்கே ஆண்டு முழுக்க உண்டு, மழைக்காலத்தில் அதிகம். தடுப்பு மாத்திரை டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பியும் நான்கு வாரம் விழுங்கவேண்டும், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பாதியில் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் முதல் வாக்கியமே "மலாவி போயிருந்தேன்" என்பதாக இருக்கட்டும், நம்மூர் மருத்துவர்கள் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார்கள்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே இறங்கித் தங்குபவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலாவி ஏரியில் கால் நனைக்கும் ஆசை வரும். தோல் வழியே உடம்புக்குள் புகும் பில்ஹார்சியா புழு இருக்கிறது, அடக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கம் இரண்டு வகுப்பறைக் கட்டடத்துக்குப் பணம் திரட்டுகிறது. டிசம்பரில் முழுத்தொகையும் வந்துவிடும். உடனே தொடங்கலாம்தானே அண்ணா? (லண்டன்)

அக்காதான், பரவாயில்லை. டிசம்பரில் தொடங்கவே கூடாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மணல் லாரி ஊருக்குள் வராது, பச்சைச் செங்கல் கரைந்துபோகும். அதைவிட முக்கியம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பழைய சோளம் தீர்ந்து புதியது வராத பஞ்ச மாதங்கள். ஆட்கள் அரைவயிற்றோடு சொந்த வயலில் களை பறித்துக்கொண்டிருப்பார்கள். மலாவியில் மணல், செங்கல், கூலியில்லா உடலுழைப்பு ஊரின் பங்கு என்பது வழக்கம். அந்த நேரத்தில் கேட்டால் வரமாட்டார்கள், நீங்கள் "ஊருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதுவீர்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தாள் வேலையை முடியுங்கள்: மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல், வரைபடம், நிலம் பள்ளிக்குத்தான் என்று ஊர்த் தலைவரின் எழுத்து. ஆசிரியர்களை யார் நியமிப்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். கட்டடம் நின்று ஆசிரியர் வராத பள்ளிகள் உண்டு. மே மாதம் அஸ்திவாரம், அக்டோபர் கடைசிக்குள் கூரை. இது தவறினால் ஒரு வருடம் போச்சு.

செங்கல் சூளைக்கு விறகு ஏராளமாக வேண்டும், காடு ஏற்கெனவே மொட்டை. மண்ணோடு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். நான்கு வாரம் நிழலில் ஈரம் காயாமல் பதப்படுத்தவேண்டும். அவசரப்படுகிறவர்கள் ஒரு வாரத்திலேயே சுவர் எழுப்பிவிடுவார்கள், அப்புறம் மூலை உதிர்கிறது என்பார்கள்.

கூரைக்கு நேரம் செலவிடுங்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைப் புரட்டிப்போட்டது. சாதாரணச் சுழற்காற்றுக்கே கூரை பறக்கும் பள்ளிகள் உண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தகடு. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிசு. 32 கேஜ் மலிவு என்று வாங்கினால் ஆணித் தலையைச் சுற்றிக் கிழிந்துவிடும், 28 கேஜ் கேளுங்கள். இரண்டு, கட்டு. சுவரின் மேல்வரிசையில் மட்டும் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், காற்று அந்த ஒரு வரிசைச் செங்கல்லோடு கூரையைத் தூக்கிக்கொண்டு போகும். பட்டை இரும்பை ஆறேழு வரிசைக்குக் கீழேயே சுவருக்குள் பதித்து, மேலே இழுத்து மரத்தில் அறையவேண்டும். சுவர் பாதியில் இருக்கும்போதே பதிக்கவேண்டிய பொருள் என்பதால், அந்த வாரம் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு பூசி மறைத்துவிட்டால் பார்க்க வழியில்லை.

மே வரை பணத்தை என்ன செய்வது? மலாவி வங்கியில் போட்டுவைக்கலாமா? (அதே சங்கம்)

மலாவி நாணயமான குவாச்சாவாக மாற்றி வைக்காதீர்கள். 2023 நவம்பரில் ஒரே நாளில் ஒரு டாலர் சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 ஆனது. குவாச்சாவாக வைத்திருந்தவர்களின் கூரைப் பணம் டாலர் கணக்கில் அன்றைக்கே ஏறக்குறைய முப்பது சதவீதம் சுருங்கியது. பவுண்டிலேயே வைத்திருந்து தவணையாக அனுப்புங்கள். தகடு, பதப்படுத்திய மரம் இரண்டையும் முன்கூட்டி வாங்கிப் பூட்டி வைக்கலாம். சிமெண்ட் மட்டும் கடைசியில், இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும். ஈரக்காற்றில் மூட்டையோடு இறுகிவிடும்.

இந்தியாவிலிருந்து அனுப்பினால் 80ஜி வருமான வரி விலக்கு உண்டா? நண்பர்களிடம் வசூலித்து என் கணக்கிலிருந்து அனுப்பலாமா? (சென்னை)

வெளிநாட்டுப் பள்ளிக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி கிடையாது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் அது அவரவர் பணத்துக்கு. பத்துப் பேர் பணம் உங்கள் கணக்கில் விழுந்தால் வருமான வரிக் கேள்வியும் உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுப்புங்கள். அறக்கட்டளை வழியாக என்றால், வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்க நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

லண்டன்காரர்களுக்கு: பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாக, வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவம் கொடுத்தால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் கூடுதல். தனியார் கணக்கில் வசூலித்தால் அது போச்சு.

கிணறு தோண்ட நினைக்கிறோம். நம்ம ஊர் இந்தியா மார்க் 2 பம்பு அனுப்பலாமா? (திருச்சி)

மெட்ராஸில் செய்து கோவைப் பக்கம் சோதித்த பம்பு அது, பெருமை புரிகிறது. ஆனால் மலாவியில் பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் என்ற கைப்பம்புதான். உதிரி அதற்குத்தான் கிடைக்கும். மார்க் 2இல் வாஷர் மாற்றக் குழாய் முழுவதையும் தூக்கவேண்டும். ஆஃப்ரிடெவில் கம்பியை மட்டும் மேல்வழியாக உருவினால் போதும், ஒரே ஸ்பேனரால் ஊர்ப் பெண்களே செய்கிறார்கள். ஆழம் 45 மீட்டருக்குள் இருக்கவேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் தோண்டுங்கள். நிலத்தடி நீர் அடிமட்டத்தில் இருக்கும் காலம் அது, அப்போது கிடைக்கும் நீர் வற்றாது. மார்ச்சில் தோண்டிய கிணறு அக்டோபரில் காற்றைத்தான் இறைக்கும். சிக்வாவா, ந்சாஞ்சே பக்கம் உப்பு நீர் உண்டு, பம்பு மாட்டும் முன் பரிசோதியுங்கள்.

பழுதை அடித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காலையில் பல முறை அடித்த பிறகே தண்ணீர் வந்தால் அடி வால்வு ஒழுகுகிறது, அதை அடைக்கும் பாபினை மாற்றுங்கள். உடனே வந்தும் மெல்லியதாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள யூ-சீல் வளையம் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சிறு உதிரிகள். அவற்றுக்கான மாதச் சந்தா இல்லாத ஊரில்தான் பம்பு செத்துக் கிடக்கும். ஒரு பம்பு சுமார் 250 பேருக்கு என்பது மலாவிக் கணக்கு. எண்ணூறு பிள்ளைகளும் ஊரும் சேர்ந்தால் வரிசை நீளும், யாருக்கு எந்த நேரம் என்று முன்பே பேசி முடியுங்கள்.

மதிய உணவு போடலாமா?

அங்கே காலைக் கஞ்சிதான், சோளமும் சோயாவும் கலந்த லிகுனி பாலா. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் மாவு என்றால் 800 பேருக்கு நாளுக்கு 80 கிலோ, 190 நாளுக்குப் பதினைந்து டன்னுக்கு மேல். சங்கத்தின் ஒரு விழா வசூலில் இதைத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்தினால் வருகை முன்பைவிடச் சரியும். மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு அமைப்பு 2002 முதல் அங்கே இதைச் செய்கிறது, அந்தப் பள்ளி அவர்கள் பட்டியலில் வருமா என்று முதலில் விசாரியுங்கள். நீங்களே செய்தால் சோயாவை வறுத்து அரைக்கவேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த சோளத்தில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு இருக்கும், கொதித்தாலும் போகாது.

பழைய லேப்டாப், கதைப்புத்தகம், துணி கண்டெய்னரில் அனுப்ப?

வேண்டாம். கப்பல் கட்டணம், மொசாம்பிக் அல்லது தான்சானியா துறைமுகத்திலிருந்து தரைவழி, சுங்கம், இவ்வளவுக்கும் ஆகும் பணத்தில் அங்கேயே நோட்டும் சாக்பீஸும் வாங்கலாம். பாடநூல் என்றால் டொமாசியிலுள்ள மலாவி கல்விக் கழகத்தின் பாடத்திட்டத்தில் வந்தவை மட்டும்.

கொடுத்த பணம் போய்ச் சேர்ந்தது என்று எப்படி அறிவது?

தலைமை ஆசிரியரின் சொந்த மொபைல் பணக் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் நல்லவராக இருந்தாலும். மாற்றல் வந்தால் எண்ணும் அவரோடு போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஒருவர் ஆசிரியரல்லாத பெற்றோர். வந்த தொகை, வாங்கிய மூட்டை, மீதி, மூன்றையும் சிச்சேவாவில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நூறு மூட்டை சிமெண்ட் என்று எழுதியிருந்து எண்பதுதான் இறங்கியிருந்தால், இறக்கிய ஆளே அதைப் படித்துவிட்டுக் கேட்பார்.