தண்ணி குடிச்ச இன்ஜின்: நீங்க கேட்டதும் நாங்க சொல்றதும்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க மாமா ஈசிஆர் பக்கம் வாட்டர் ஸ்போர்ட்ஸ் நடத்துறாரு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு யமஹா ஜெட் ஸ்கி வாங்கினாரு, 1800 சிசி, நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். அலையில கவுந்துடுச்சு, பசங்க திருப்பிப் போட்டு ஸ்டார்ட் அடிச்சப்ப "டக்"னு ஒரு சத்தம், அதோட அசையல. ஆயில் பால் கலந்த மாதிரி வெள்ளையா இருக்கு. இப்போ டிரெய்லரோட எங்க வீட்டு வாசல்ல நிக்குது. ஒரு மெக்கானிக் பார்த்துட்டு இன்ஜினையே மாத்தணும்னு சொல்றாரு. ரிப்பேர் ஆகாதா? (எர்ணாவூர் வாசகர்)

பதில்: ஆகும் தம்பி, ஆனா நான் கீழ சொல்ற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல கை வைக்கக் கூடாது. உன் லெட்டர் கிடைச்ச அன்னிக்கே போன்ல சொன்னது அது ஒண்ணுதான், மிச்சத்த எல்லாருக்கும் சேர்த்து இங்க சொல்றேன். காத்த பிஸ்டன் அமுக்கும், தண்ணிய அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கும்போது மோட்டார் சுத்துனா பிஸ்டன் பாதியில முட்டி நிக்கும், கீழ இருந்து தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். உங்க பசங்க கேட்ட "டக்" அதுவா இருக்கலாம், இல்லாமலும் போகலாம், திறந்து பார்க்காம இன்ஜின மாத்துன்னு சொல்றது நியாயமே இல்ல.

முதல்ல சீட்டைத் தூக்கி வச்சு பெட்ரோல் வாடை போகட்டும். பேட்டரி வயரைக் கழட்டு, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டு. பின்னாடி ஷாஃப்ட் கப்ளிங்க (இன்ஜினையும் பின்னாடி போற தண்டையும் சேர்க்குற இணைப்பு) கையாலயே மெதுவா சுத்து, எங்கயாவது இடிச்சா அங்கயே நிறுத்திடு. லேசா சுத்துச்சுன்னா ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் குச்சிய பிளக் ஓட்டை வழியா பிஸ்டன் மேல நிறுத்தி, பிஸ்டன் உச்சிக்கு வர்றப்போ ஓட்டை விளிம்புக்கு நேரா குச்சியில பேனாவால கோடு போடு, நாலு சிலிண்டர்லயும் இப்படியே. மூணு கோடு ஒரே எடத்துல வந்து, ஒரு சிலிண்டர்ல மட்டும் குச்சி அதிகமா உள்ள இறங்கி கோடு மேல தள்ளி விழுந்திருந்தா அந்த ராடு வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், சிலிண்டர் ஹெட்ட கழட்டித்தான் ஆகணும். அப்பவும் இன்ஜின் பிளாக் விரிசல் விடாம இருந்தா ராடு, பிஸ்டன் மாத்தி, கிராங்க் ஷாஃப்ட்ட செக் பண்ணி ஓட்டிடலாம்.

கோடு நாலும் சமமா இருந்தா சந்தோஷம். பிளக் கேப்ப எல்லாம் எர்த் பண்ணிட்டு (இன்ஜின் உலோகத்தோட சேர்த்துட்டு), பேட்டரிய மாட்டி, ஸ்டார்ட்டர விட்டு விட்டு அடி, தண்ணி பீச்சிக்கிட்டு வரும், ஓட்டைக்கு நேரா முகத்த வைக்காதே. (சீ-டூ கம்பெனி ஃபோர் ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கியா இருந்தா த்ராட்டில முழுசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அடிச்சா பெட்ரோல் வராம வெறுமனே சுத்தும், அதுக்குன்னே அப்படி வச்சிருக்கான்.) தண்ணி நின்னதும் ஒவ்வொரு ஓட்டையிலயும் ஆயில் ஸ்ப்ரே அடி, உப்புத்தண்ணி பட்ட இரும்பு காத்து பட்டா ஒரே ராத்திரியில துரு புடிக்கும்.

அப்புறம் ஆயில். இந்த வண்டிக்கு கார் மாதிரி அடியில நட்டக் கழட்டி வடிக்க முடியாது, டிப்ஸ்டிக் பக்கமா பம்ப் வச்சு உறிஞ்சணும். எவ்ளோ உறிஞ்சுனாலும் கொஞ்சம் வெள்ளை ஆயில் உள்ள தங்கும், அதனால ஒரு தடவை மாத்திட்டு முடிஞ்சுதுன்னு விட்டுடாதே. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, கொஞ்சம் ஓட்டி, திரும்ப உறிஞ்சிப் பாரு, ஆயில் தெளிவா வர்ற வரைக்கும் மாத்திக்கிட்டே இரு. ஓடுனதுக்கப்புறம் தண்ணியில இறக்கி நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டு, அப்பதான் மிச்சம் இருக்குற ஈரம் ஆவியாப் போகும். கரையில ஹோஸ மாட்டி ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது. வயரிங் கனெக்டர் ஒண்ணு விடாம பிரிச்சு நல்ல தண்ணியில அலசி காய வச்சு மாட்டு.

மாமாகிட்ட ரெண்டு விஷயம் சொல்லு. கவுந்த வண்டிய எந்தப் பக்கம் திருப்பணும்னு பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், மாத்தித் திருப்புனா எக்ஸாஸ்ட்ல நிக்கிற தண்ணி நேரா இன்ஜினுக்குள்ள போயிடும். நின்னுபோன வண்டிய இன்னொரு போட்ல கட்டி வேகமா இழுத்தாலும் அதே கதிதான், கூலிங் ஹோஸ் வழியா தண்ணி ஏறும். நடக்குற வேகத்துல இழுக்கச் சொல்லு.

கேள்வி: படகுல ஏத்தும்போது எங்க அவுட்போர்டு இன்ஜின் கைநழுவி ஹார்பர் தண்ணியில விழுந்துடுச்சு. மறுநாள்தான் எடுத்தோம். மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும்னு சொல்றாரு. அதுவரைக்கும் வெயில்ல காய வைக்கலாமா அண்ணா? (நாகூரான் தோட்டம் வாசகி)

பதில்: காய வைக்கவே கூடாதும்மா. தண்ணியில கெடந்தப்ப உள்ள அவ்ளோ துரு ஏறியிருக்காது, மேல எடுத்ததும்தான் உப்பும் காத்தும் சேர்ந்து பேரிங்க தின்ன ஆரம்பிக்கும். நல்ல தண்ணி ஊத்தி உப்பு போக கழுவிட்டு, உடனே ரிப்பேருக்கு ஆள் கிடைக்கலன்னா பெரிய டிரம்ல நல்ல தண்ணி ரொப்பி அதுலயே திரும்ப முக்கி வச்சிடுங்க, பவர் ஹெட் (மேல இருக்குற இன்ஜின் பகுதி) முழுசா முங்கணும். பார்க்குறவங்க திட்டுவாங்க, பரவாயில்ல. நம்ம பக்கம் ஒரு டிரம் லாரித் தண்ணிக்கு எவ்ளோ நேரம் நிக்கணும்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த இன்ஜின்தானே வீட்டுக்கு சோறு போடுது. விழுந்தப்ப ஓடிக்கிட்டு இல்லைன்னு மெக்கானிக்கிட்ட மறக்காம சொல்லுங்க, ராடு வளைஞ்சிருக்க வாய்ப்பு கம்மி, அவரு பார்க்குற விதமே மாறும்.

கேள்வி: ஜெட் ஸ்கிய ஓட்டி முடிச்சதும் ஹோஸ் மாட்டி கழுவுறோமே, இன்ஜின ஆன் பண்ணிட்டு தண்ணிய திறக்கணுமா, தண்ணிய திறந்துட்டு ஆன் பண்ணணுமா? (ராயபுரம் வாசகர்)

பதில்: இன்ஜின் முதல்ல, தண்ணி அப்புறம். முடிக்கும்போது தண்ணிய முதல்ல மூடிட்டு, த்ராட்டில ரெண்டு தடவை லேசா அழுத்தி உள்ள நிக்கிறத வெளிய தள்ளிட்டு ஆஃப் பண்ணு, மொத்தமும் சில செகண்டுதான். நின்ன இன்ஜினுக்குள்ள தண்ணிய விட்டா வெளிய தள்ள எக்ஸாஸ்ட் புகை இருக்காது, அப்படியே ரொம்பி சிலிண்டருக்குப் போயிடும்.