ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது, பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக அடிவயிற்றில் வலி. மாதவிலக்கின்போது கூடும், மற்ற நாளிலும் விடாது. சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், எப்போதும் உப்புசம். குடல் மருத்துவர் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். எந்த வலிக்கு யாரிடம் போவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில் (மகளிர் நல மருத்துவர்): உங்களுக்கு வலிப்பது நிஜம் அம்மா. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சாதாரண ஸ்கேனில் பல நேரம் அகப்படாது. மாதவிலக்கில் வலி கூடுகிறது என்பதை உங்கள் மகளிர் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

குடல், கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை மூன்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. ஒன்று நெடுநாள் நொந்தால் மற்றதும் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும். ஆகவே இது உங்கள் கற்பனை இல்லை என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

ஆசிரியை என்பதால் ஒன்று கேட்கிறேன். பள்ளியில் கழிவறைக்குப் போகிறீர்களா? என்னிடம் வந்த ஓர் ஆசிரியை காலை ஏழு மணிக்கு வீட்டில் போனால் மறுபடி மாலை ஐந்துக்குத்தான் போவார். வகுப்பில் நின்றபடி சிறுநீரையும் வாயுவையும் அடக்கியே பழகியவர். இடுப்புக்கு அடியில் தொட்டில் போல ஏந்தி நிற்கும் தசைகளைப் பத்து மணி நேரம் இறுக்கிப் பிடித்தால், அவை தளரவே மறந்துவிடும். படுக்க வைத்துப் பார்த்தபோது, உப்பிய வயிற்றின் மேல் பாவாடை நாடாவின் தடம் சிவந்து குழிந்திருந்தது. நாடாவைத் தளர்த்தச் சொன்னதுதான் நான் கொடுத்த முதல் வைத்தியம்.

அப்புறம் மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்குக் கீழே கை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது அந்தக் கை உயர வேண்டும். அடித்தசை தானாக இறங்கித் தளரும். தினமும் பத்து நிமிடம். அடித்தசையை இறுக்கும் கீகல் பயிற்சியை நீங்களாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் வலி கூடும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பால், கோதுமை பலருக்கு உப்புசம் தரும். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் உணவுமுறையில் இவற்றை நாலைந்து வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள். உணவியல் நிபுணர் துணை இருந்தால் நல்லது. ஆயுசுக்கும் பத்தியம் இருக்க வேண்டாம். பூண்டு வாசனை இல்லாமல் ரசம் இறங்காது என்றால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். தொந்தரவு தரும் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

யாரிடம் போவது என்றீர்களே, குடல் மருத்துவர், மகளிர் மருத்துவர் இரண்டு பேரிடமும் போங்கள், ஆனால் ஒரே நோட்டோடு. மாதவிலக்குத் தேதி, சாப்பிட்டது, மலம் போன விதம், வலி பத்துக்கு எத்தனை: இரண்டு மாதம் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.