தனி டம்ளர்

அன்புள்ள ஐயா,

சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு டிபி. சுகாதாரப் பணியாளர் வந்துபோனதில் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. நல்ல குடும்பம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்வதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டார் பயப்படுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் முறைப்படி அறிவிக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசிக் காலிசெய்ய வைக்க வேண்டும் என்கிறார்கள். டிபி வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கும்போது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்பதில் என்ன தவறு? பொதுநலன் என்று வந்துவிட்டால் தனிமனித உரிமை கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டாமா? ஆதார், தெருவெல்லாம் கேமரா என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நாம் இதில் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. எடுத்துவிட்டேன். எந்த மாடி என்பதையும் மாற்றியிருக்கிறேன். முன்பின் தெரியாத எனக்கு அதையெல்லாம் எழுத வேண்டிய தேவை என்ன? நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரியும். கை தன்போக்கில் எழுதியிருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆதாரையும் கேமராவையும் இதற்குள் இழுக்காதீர்கள். அது வேறு பேச்சு.

போன வாரம் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தாண்டும்போது என் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. ஊரைவிட்டுத் தள்ளி, நல்ல காற்றுள்ள இடத்தில் நோயாளியை வைப்பதுதான் அன்றைய வைத்தியம். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

சித்தப்பா ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். 1983இல் அவருக்கு டிபி என்று தெரிந்தது. அப்போது ஒரு வருடத்துக்கும் மேலாக மருந்து சாப்பிட வேண்டும், இடையில் ஊசியும் போடுவார்கள். எங்கள் ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தது. அவர் அங்கே போகவில்லை. பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் வரிசையில் நின்றார். அந்த வரிசையிலும் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டார். பத்து நாளில் அச்சக முதலாளி, "உடம்பைத் தேத்திக்கிட்டு வாப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கணக்கை முடித்து அனுப்பினார். முதலாளி கொடுமைக்காரர் இல்லை, செந்தில். மற்ற தொழிலாளர்களின் நலனை நினைத்துத்தான் செய்தார். அவரும் பொதுநலன் என்றுதான் சொல்லியிருப்பார்.

சம்பளம் நின்றதும் பஸ் காசு நின்றது. பஸ் காசு நின்றதும் மருந்து நின்றது. உள்ளூர் ஆஸ்பத்திரிக்காவது போங்கள் என்று அப்பா கெஞ்சினார். "ஊர்ல மிச்சம் இருக்கிறதும் போகணுமா?" என்று கேட்டார் சித்தப்பா. வீட்டுக்குள்ளேயே இருமிக்கொண்டு கிடந்தார். அடுத்த வருடம் சித்திக்கு இருமல் தொடங்கியது. சித்தி பிழைத்தார். சித்தப்பா 1986இல் போய்விட்டார்.

அவருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அடையாளத்துக்கு அடியில் ஆணியால் கீறி வைத்திருந்தோம். ஒருநாள் அதில் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அவரே குடித்தார். டம்ளர் வழியாக டிபி பரவாது என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நம் சென்னையில்தான், சேத்துப்பட்டில், 1956இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மறுபகுதியினரை நெரிசலான அவர்களுடைய வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு அதே அறையில் படுத்துறங்கிய குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. உலகமே அதைப் பார்த்துத்தான் டிபி நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுக்கும் முறைக்கு மாறியது. அது வெளிவந்து இருபத்துநான்கு வருடம் கழித்து என் சித்தப்பாவுக்கு வேலை போனது. இன்றைக்கு அதே சென்னைப் பக்கத்திலிருந்து நீங்கள் காலிசெய்ய வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறீர்கள். 2012இலிருந்து டிபி நோயாளி பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 2018இல் தனியார் மருத்துவரோ ஆய்வகமோ மருந்துக்கடையோ மறைத்தால் சிறைத்தண்டனைவரை போகலாம் என்று ஆக்கினார்கள். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் உடம்பு என் சொந்த விஷயம், அரசுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் யாருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது அந்தச் சட்டம்? சுகாதாரத் துறைக்கு. எதற்கு? நோயாளிக்கு மருந்து விடுபடாமல் கிடைக்க, வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதிக்க, சத்தான சாப்பாட்டுக்கு மாதாமாதம் பணம் போட. 2018இல் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும். கோயில் திருப்பணிக்கு வாங்கிய பணத்தை எடுத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் ஒத்துக்கொள்வீர்களா?

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பிலும் இது வருகிறது. பொது சுகாதாரத்துக்காக அரசு நோயாளிகளின் விவரத்தைப் பயன்படுத்தலாம், அவர்கள் யாரென்று தெரியாமல் காத்தால். அதற்கு முன்பே 1998இல், மணமகனுக்கு எச்ஐவி இருப்பது வெளியே சொல்லப்பட்டுக் கல்யாணம் நின்றுபோன வழக்கில், மருத்துவமனை மேல் தவறில்லை என்றது உச்ச நீதிமன்றம். அங்கே ஒரு பெண்ணின் உயிர் நேரடியாக ஆபத்தில் இருந்தது. ஆபத்தில் நிற்பவருக்குத் தெரியத்தான் வேண்டும். டிபியில் அது பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்கள். அவர்களைத் தேடித்தான் பணியாளர் வந்தார். அவர் வேலையை அவர் செய்துவிட்டார். வேறு யாரையாவது பரிசோதிக்க வேண்டுமென்றால் அதையும் அவரே சொல்வார். உங்கள் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள்?

மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆக, மருந்து சாப்பிடும் அந்தப் பெண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உங்கள் கட்டடத்தில் வேறு யாராவது மூன்று வாரமாக இருமிக்கொண்டிருக்கலாம். இந்தப் பெண்ணை நீங்கள் நடத்துவதைப் பார்த்தபின் அவர் பரிசோதனைக்குப் போவாரா? 1897இல் புனாவில் பிளேக் வந்தபோது சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். என் சித்தப்பா ஒளிந்ததும் அப்படித்தான்.

குழந்தை உள்ளவர்களின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர்களை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லுங்கள், பெயர் எதுவும் சொல்லாமல். குழுவில் யாராவது ஏற்கெனவே எழுதியிருந்தால் இன்றே அழிக்க வையுங்கள்.

அப்புறம், அந்த வீட்டுக் குழாய் இரண்டு மாதமாக ஒழுகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நாளைக்குப் போங்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். காப்பி கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.